கதவோர நாற்காலி

நீண்ட பியானோக் கச்சேரிகளின் அறிவிப்பில், கீழே பொடி எழுத்தில், இரண்டு வாசகங்களில் ஒன்று இருக்கும். ‘இடைவேளை கிடையாது, தொடங்கியபின் யாரையும் உள்ளே விட மாட்டோம்’ என்பது ஒன்று. ‘எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம்’ என்பது இன்னொன்று. இதில் எது சரி என்று யாராவது கேட்டால் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதில் எனக்கே பிடிக்காமல் போய்விடும். கதவைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்பது ஏதோ ஏற்பாட்டாளர் கவலைப்படவேண்டிய விஷயம்போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த இசை எதனால் ஆனது என்ற கேள்விதான் கதவின் வேஷத்தில் வந்து நிற்கிறது.

ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் இது பிரச்சினையே இல்லை. இருபதாவது வரிசையில் ஒருவர் எழுந்து போனால் மேடைக்குத் தெரியாது. நம்மூர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் கேன்டீன் பக்கம் நகர்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மிருதங்க வித்வான் மட்டும் மனசுக்குள் எடுத்துக்கொள்வார். நான் சொல்வது அறுபது நாற்காலி போட்ட அறை. பழைய கிடங்கு, ஓவியக் கூடம், ஒரு பாரின் பின்கட்டு, தேவாலயத்தின் பக்க அறை. லண்டனிலும் பெர்லினிலும் நியூயார்க்கிலும் நவீன பியானோ இசை பல நாள் இப்படிப்பட்ட இடங்களில்தான் குடித்தனம் நடத்துகிறது. முதல் வரிசைக்கும் பியானோவுக்கும் நடுவே இரண்டு மீட்டர். கதவுக்கும் பியானோவுக்கும் நடுவே ஏழெட்டு மீட்டர். அங்கே கீல் கிறீச்சிட்டால், வாசிப்பவர் அந்த நிமிடத்தில் எழுப்பும் ஒலியைவிட அது பெரிதாகக் கேட்கும்.

ஐந்து டாலரும் ஐந்து சென்ட்டும்

திறந்த கதவின் கட்சிக்கு ஒரு தலபுராணம் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி 1893 வாக்கில் எழுதிய ‘வெக்ஸாசியோன்’ ஒரே ஒரு பக்கம்தான். அதன் தலையில் பிரெஞ்சில் ஒரு குறிப்பு: இந்தப் பகுதியை 840 முறை தொடர்ந்து வாசிப்பதென்றால், முன்கூட்டியே, மிகுந்த மௌனத்தில், அசையாதிருந்து தயார் செய்துகொள்வது நல்லது. இது கட்டளையா, கிண்டலா, ‘வாசிப்பதானால்’ என்ற நிபந்தனையா என்று இன்றுவரை சண்டை. 1949இல் அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். அவரே 1963 செப்டம்பர் 9 மாலை ஆறு மணிக்கு, நியூயார்க்கின் பாக்கெட் தியேட்டர் என்ற சின்ன அரங்கில், 840 முறையையும் வாசித்துவிடுவது என்று தொடங்கினார். பியானோ கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். மறுநாள் பகல் 12:40க்கு முடிந்தது. 18 மணி 40 நிமிடம்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 18 மணி 40 நிமிடம் என்றால் 67,200 விநாடி. 840ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக 80 விநாடி. வழக்கமான வாசிப்பில் ஒரு சுற்று என்பது நான்கு பகுதி: கீழ்க்கட்டைகளில் தனி மெட்டு, அதே மெட்டு மேலே ஸ்வரக்கொத்துகளோடு (சேர்ந்தாற்போல் ஒலிக்கும் ஸ்வரங்கள்), மறுபடி தனி மெட்டு, மறுபடி கொத்துகள் மேல்கீழாக மாறி. ஒவ்வொன்றும் 13 தட்டு நீளம். ஆக ஒரு சுற்றுக்கு 52 தட்டு, தட்டுக்கு ஒன்றரை விநாடி. கையைத் தொடையில் ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள், எவ்வளவு மெதுவு என்று புரியும். ‘மிக மெதுவாக’ என்று சத்தி எழுதியதைத் தவிர வேகத்துக்கு வேறு குறிப்பு கிடையாது. பியானோ கலைஞர் இகோர் லெவிட் 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவில், பெர்லினில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து இணையத்தில் தனி ஆளாக இதை வாசித்தபோது பதினைந்தரை மணி நேரம் போல ஆனது. சுற்றுக்கு ஏறக்குறைய 66 விநாடி. எண்ணிக்கை தவறாமலிருக்க அவர் கையாண்ட வழி எளிது: ஒரே பக்கத்தின் பிரதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு தாளைத் தரையில் போடுவது. வாசிப்பவருக்கும் அது உதவி, பார்ப்பவருக்கும் உதவி. தரை நிரம்புவதே கடிகாரம்.

பாக்கெட் தியேட்டரில் கடிகாரம் வேறு மாதிரி. நுழைவுக் கட்டணம் 5 டாலர். உள்ளே இருந்த ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்படும். கடைசிவரை இருந்தவருக்குக் கூடுதலாக 20 சென்ட். 18 மணி 40 நிமிடத்தில் 56 இருபது நிமிடங்கள்; 2 டாலர் 80 சென்ட்; போனஸோடு 3 டாலர். அந்த மூன்று டாலரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் ஒரே ஒருவர், கார்ல் ஷென்ஸர் என்ற நடிகர். ஒரு வாரம் கழித்து, பின்னாளில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவில் சேர்ந்த ஜான் கேலும் (அன்று வாசித்தவர்களில் ஒருவர்) ஷென்ஸரும் ஒரு தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியில் சேர்ந்து தோன்றினார்கள். ஷென்ஸரின் ‘ரகசியம்’ என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். முழுக்க உட்கார்ந்திருந்தார் என்பதுதான் ரகசியம். கூட்டம் சிரித்தது.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. வெளியே போவதைக் குற்றமாக்கவில்லை, இருப்பதைத் தியாகமாக்கவும் இல்லை. இரண்டுக்கும் சில்லறை விலை போட்டது. பிடிக்காததும் அதிலேயே இருக்கிறது. கடைசிவரை இருந்தவர் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. நீண்ட கச்சேரி என்றாலே ‘எத்தனை மணி நேரம் தாங்கினாய்’ என்ற கேள்வியாகச் சுருங்கிப்போன வழக்கம் அன்றே வேர் பிடித்துவிட்டது. இன்றும் விளம்பரங்களில் முதலில் வருவது மணிக்கணக்குதான். ஊறுகாய்ப் பாட்டிலில் எடையைப் பெரிதாகவும் காய் எது என்பதைச் சின்னதாகவும் போடுகிற மாதிரி.

ஒரு ஆளே 840 முறையும் வாசிப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 1970இல் சிட்னியில் பீட்டர் எவன்ஸ் என்ற பியானோ கலைஞர் தனியாக முயன்று, 595 சுற்றுக்குப் பிறகு சட்டென்று எழுந்து போய்விட்டார். மனதில் கெட்ட எண்ணங்கள் திரண்டு வந்தன என்று பிறகு சொன்னார். மிச்சத்தை இன்னொருவர் முடித்தார். இதில் மாய மந்திரம் எதுவும் தேவையில்லை. பக்கத்தை எழுதியிருக்கும் விதமே காரணமாக இருக்கலாம்: சாதாரணமாக ஒரு பெயரில் எழுதக்கூடிய கட்டைக்குச் சத்தி இரட்டைத் தாழ்வுக் குறி போட்டு வேறு பெயரில் எழுதுகிறார். கண் ஒன்றைப் படிக்கிறது, விரல் வேறொன்றில் போய் நிற்கிறது. ஐநூறு முறை வாசித்தபிறகும் மனப்பாடம் ஆகாமல் தாளைப் பார்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது என்பது இதை வாசித்தவர்கள் அடிக்கடி சொல்வது. கேட்பவருக்கும் அதே கதி. வெளியே வந்து முணுமுணுக்கச் சொன்னால் வராது.

இந்த மாதிரிப் படைப்புக்குக் கதவு திறந்திருப்பதில் நஷ்டமில்லை என்பதுதான் என் முதல் பதில். நூற்றுப்பத்தாவது சுற்றில் போய் இருநூறாவது சுற்றில் திரும்பி வந்தால், நீங்கள் விட்டது இதே எண்பது விநாடிதான். நீளம் எண்ணிக்கையில் இருக்கிறது, வரிசையில் இல்லை.

பாதி மிதித்த பெடல்

எதிர்க்கட்சிக்கு வருவோம். அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1981இல் எழுதிய ‘ட்ரையாடிக் மெமரீஸ்’. அகி தகஹாஷி, ரோஜர் வுட்வர்ட் என்ற இரண்டு பியானோ கலைஞர்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. வுட்வர்ட் அதே ஆண்டு லண்டனில் முதன்முதலாக வாசித்தார். ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்களும் உண்டு, இரண்டு மணியை நெருங்குபவர்களும் உண்டு. தொடக்கம் முதல் முடிவுவரை மிக மெல்லிய ஒலி. உரத்த இடம் என்று ஒன்றுகூட இல்லை. கூடவே ஒரு விசித்திரமான நிபந்தனை: வலது பெடலை முழுக்க மிதிக்கக் கூடாது, முழுக்க விடவும் கூடாது. கடைசிவரை பாதி.

பாதிப் பெடல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் இந்த இசை சிறிய அறையை ஏன் கேட்கிறது என்பது விளங்கும். ஒவ்வொரு கட்டையின் கம்பி மேலும் கம்பளித் துணி ஒட்டிய ஒரு அடக்கி உட்கார்ந்திருக்கிறது. பெடலை முழுக்க மிதித்தால் எல்லா அடக்கிகளும் எழும்பும், எல்லாக் கம்பியும் சுதந்திரம். விட்டால் எல்லாம் படுத்துவிடும். நடுவில், சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள், அடக்கி கம்பியை உரசியும் உரசாமலும் தொங்குகிற ஒரு நிலை இருக்கிறது. அங்கே கனத்த கீழ்க்கம்பிகள் அந்த லேசான தொடுகைக்கு அடங்காமல் முனகிக்கொண்டே இருக்கும். நடுக்கம்பிகள் சீக்கிரம் வற்றும். உச்சத்தில் பதினெட்டு, இருபது கட்டைகளுக்கு அடக்கியே கிடையாது, அவை தம் போக்கில் ஒலித்து ஓயும். ஆக, ஒரே ஸ்வரக்கொத்து ஒரே நேரத்தில் மூன்று விதமாகச் சாகிறது. அந்தச் சாவுதான் இந்த இசையில் பாதி. பெரிய அரங்கில் அது மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

இதற்குப் பியானோவைத் தயார் செய்வது தனிக் கலை. ட்யூனரிடம் ‘சுருதி சேர்த்துவிடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. முதலில் அடக்கிகள் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு டார்ச்சை வைத்து, பெடலை மிக மெதுவாக மிதித்தால், அடக்கிகளின் வரிசை ஒரே பலகைபோல உயர வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால், பாதிப் பெடலில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் கூட்டத்தில் மூக்குறிஞ்சுகிறவர்போலத் தனியாக நின்று ஒலிக்கும். இரண்டாவது, சுத்தியல் கம்பியை நெருங்கும்போது எவ்வளவு தூரத்தில் பிடி விடுகிறது என்பது. கட்டையை ஆமை வேகத்தில் அழுத்தினால் சுத்தியல் மேலே போய், கம்பியைத் தொடுமுன் கழன்று விழும். நன்றாகச் சீரமைத்த கச்சேரிப் பியானோவில் அந்த இடைவெளி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் போல இருக்கும். இரவுக்கு இரவு ஜாஸ் வாசித்து அடிவாங்கிய பியானோவில் அது மூன்றைத் தாண்டியிருந்தால், மெல்ல வாசிக்கும்போது சில கட்டைகள் பேசவே பேசாது. விரல் இறங்கும், ஒலி வராது. கேட்பவர் ‘இங்கே மௌனம் எழுதியிருக்கிறார் போல’ என்று தலையாட்டுவார். வாசிப்பவருக்கு வியர்க்கும்.

இடது பெடலுக்கும் ஒரு பேச்சு உண்டு. அதை மிதித்தால் சுத்தியல் வரிசை முழுக்க வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, மூன்று கம்பிக்குப் பதில் இரண்டைத் தட்டும். அதோடு, சுத்தியலின் கம்பளியில் தினப்படி அடியால் விழுந்த பள்ளங்கள் விலகி, பள்ளமில்லாத மென்மையான இடம் கம்பியில் படும். சத்தம் குறைவதைவிட நிறம் மாறுவதுதான் பெரிய விளைவு. சுத்தியல்கள் ஒரே சீராகத் தேயாத பியானோவில் சில ஸ்வரம் பஞ்சாகவும் சில தகரமாகவும் வரும். ஊசியால் கம்பளியைக் குத்தி இளக்கித்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். கச்சேரி அன்று சாயங்காலம் செய்கிற வேலை இல்லை அது. முந்தின நாளே ஆகியிருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ்

அறையைத் தயார் செய்வதில் முதல் எதிரி பாரில் இருக்கும் குளிர்பதனப் பெட்டி. பகலில் யாருக்கும் கேட்காது. அறுபது பேர் மூச்சடக்கி உட்கார்ந்ததும் அது ஒரு தாழ்ந்த ரீங்காரமாக எழுந்து வரும். அதைவிட மோசம், இருபது நிமிடம் ஓடிவிட்டு ஒரு உலுக்கலோடு நிற்கும். ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும்; நிற்கும் கணத்துக்குப் பழகாது. ஆகவே தொடங்குமுன் அணைத்துவிட வேண்டும். மறுபடி போட மறந்தால் மறுநாள் பால் கெட்டிருக்கும். படப்பிடிப்பில் ஒலி பதிவு செய்பவர்களிடம் இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: ஃபிரிட்ஜை அணைக்கும்போது கார்ச் சாவியை அதற்குள்ளேயே போட்டுவிடுவது. சாவியில்லாமல் வீட்டுக்குப் போக முடியாது.

காற்றுக்குழாய் இரண்டாவது. ஏசியை முழுக்க அணைத்தால் அமைதி கிடைக்கும்; ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. அறுபது பேர் என்றால் 6,000 வாட். மூன்று பெரிய அறைச் சூடேற்றிகளை எரியவிட்ட மாதிரி. தொண்ணூறு நிமிடத்தில் மூச்சுக் காற்றின் ஈரமும் சேர்ந்து பியானோவைத் தொட்டுவிடும். விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஈரத்தில் ஒலிப்பலகை ஊறி நடுக்கட்டைகளில் சுருதி ஏறும். எல்லாம் ஒரே பக்கம் போனால் பரவாயில்லை. ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் விலகினால் ஒலி அலையாடத் தொடங்கும். வேகமான இசையில் அது புழுதியோடு புழுதியாகப் போய்விடும். ஒரு ஸ்வரம் ஐந்து விநாடி தனியாகத் தொங்குகிற இசையில், பொட்டலில் நிற்கிற ஒற்றைப் பனைமாதிரித் தெரியும். அதனால் ட்யூனரை வெறும் அறையில், பகல் வெளிச்சத்தில் வேலை செய்ய விடக்கூடாது. கச்சேரி விளக்குகளை இரண்டு மணி நேரம் முன்பே போட்டு, அந்தச் சூட்டில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அறையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குளிரவைத்து, ஆட்கள் உட்கார்ந்தபின் காற்றை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கலாம். முழுக்க அணைப்பதைவிட இது நல்லது. பின்வரிசையில் யாரும் மயங்கி விழாமல் இருப்பதும் ஒலியியலில் சேர்த்திதான்.

நாற்காலிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உட்கார்ந்து, ஒரு பிட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாய்ந்து, முன்னால் குனிந்து, நிமிர்ந்து. முனகுகிறதென்றால் வேண்டாம். மடக்கு இரும்பு நாற்காலிகள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தோற்கும். வாசிப்பவரின் ஆசனமும் பெடல் கம்பிகளும்கூட இதே தேர்வு எழுத வேண்டும். பெடல் இணைப்பில் ஒரு சிட்டிகை கிராஃபைட் தூள் பல கச்சேரிகளைக் காப்பாற்றும். இப்போது பலர் டேப்லெட்டில் பார்த்து, கால் பொத்தானை மிதித்துப் பக்கம் திருப்புகிறார்கள். தாள் சரசரப்பு போயிற்று. பதிலுக்கு இணைப்பு அறுந்து பக்கம் நகராமல் நிற்பதும், திரை தானாக மங்குவதும் வந்து சேர்ந்தன. திரை பூட்டிக்கொள்வதை நிறுத்தி, செய்திகளை அடைத்து, அருகில் அச்சுப் பிரதி ஒன்றையும் வைப்பவரே விவரமானவர்.

கேட்க வருகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதில்தான் பெரும்பாலான விபத்து. பசியோடு வந்தால் வயிறு வாசிக்கும். வயிறு முட்ட வந்தால் தூக்கம். ஒன்றரை மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டு, கடைசி ஒரு மணி நேரம் தண்ணீரையும் காப்பியையும் தள்ளி வைப்பது நல்லது. இருமல் மிட்டாயின் காகிதத்தை வெளியிலேயே பிரித்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொள்ளலாம். உள்ளே வந்து மெதுவாகப் பிரிப்பவர்தான் உலகத்திலேயே அதிகச் சத்தம் போடுபவர். நைலான் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். போனை அதிர்வில் போட்டு மரத்தரையில் வைத்தால் தரையே முரசாகும். முழுக்க அணைத்தாக வேண்டும். மாநகர ரயிலிலிருந்து நேரே ஓடி வந்து உட்காராமல் கால் மணி நேரம் முன்பே வந்தால், காதிலிருந்து இரைச்சல் வடிய அவகாசம் கிடைக்கும். எங்கே உட்காருவது? பியானோவின் மூடி கேட்பவர் பக்கம் திறக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால் கை தெரியும், நடுவிலிருந்து வலப்பக்கம்வரை ஒலி சேர்ந்து வரும். முதல் வரிசையில் சுத்தியல் தட்டும் மரச் சத்தமும் பெடல் மூச்சும் சேர்ந்து கேட்கும். சிலருக்கு அதுதான் வேண்டும். எனக்கு நாலாவது வரிசை போதும். உடம்பை அசைத்தே ஆக வேண்டும் என்றால் கீழ்க்கம்பி ஒலிக்கும் நேரம் பார்த்து அசையுங்கள். அந்த முனகல் உங்கள் நாற்காலியையும் சேர்த்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் தூங்கினால் விட்டுவிடலாம், குறட்டை விட்டால் முழங்கையை லேசாகத் தொட்டால் போதும். தோளைத் தொட்டால் ‘ஆ’ என்று எழுந்திருப்பார்.

மறதிக்கு ஒரு அமைப்பு

இத்தனை ஏற்பாடும் சாத்திய கதவின் கட்சிக்கே சாதகம். அதோடு என் இரண்டாவது பதில் சுலபமாக வந்துவிடுகிறது: ஃபெல்ட்மனின் நீளம் சத்தியின் நீளம்போல எண்ணிக்கையில் இல்லை, நினைவில் இருக்கிறது, முன்பு கேட்டது திரும்பி வரும்போது அது கொஞ்சம் மாறியிருப்பதை உணர வேண்டும், நடுவில் பத்து நிமிடம் வெளியே போனவருக்கு அந்தக் கணக்கு அறுந்துபோகும், ஆகவே கதவைச் சாத்து. நல்ல வாதம்தான். பலரிடம் இது எடுபடும்.

அந்தப் படைப்பைப் பற்றி ஃபெல்ட்மனே எழுதியதைப் படித்தால் வாதம் ஆட்டம் காண்கிறது. அதில் ஓரிடத்தில் மெதுவான ஸ்வரக்கொத்துகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் சில முறை திரும்பும், பிறகு அடுத்தது. எத்தனை முறை என்பதை அவர் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி முடிவு செய்திருக்கிறார். புதிய கொத்துக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே முந்தின கொத்து தனக்கே மறந்துபோவதைக் கவனிக்கிறார். உடனே அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி கட்டுகிறார்: வரிசையைக் கலைத்து அடுக்கி, திரும்பும் எண்ணிக்கையை மாற்றி. நினைவைத் தடம் புரட்டுவதற்கு ஒரு முறைமை கொடுக்கும் முயற்சி அது என்கிறார். அதாவது கேட்பவர் ‘இதை முன்பு கேட்டேனே, எப்போது?’ என்று திணறுவது விபத்தில்லை, கட்டுமானம். நான் எந்த நினைவைக் காப்பாற்றக் கதவைச் சாத்தச் சொன்னேனோ, அதைக் குலைப்பதற்காகத்தான் இசையே எழுதப்பட்டிருக்கிறது. பிறகு கதவு சாத்தியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?

இங்கேதான் நான் நெடுநாள் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். ஃபெல்ட்மனுக்கு துருக்கியின் அனத்தோலியக் கம்பளங்கள் மேல் பைத்தியம். அவற்றின் நூலைச் சிறு சிறு அளவாகத் தோய்ப்பதால், ஒரே சிவப்புத் தளத்துக்குள் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். அதற்கு அப்ராஷ் என்று பெயர். கையால் சாயம் ஏற்றிய கைத்தறிப் புடவையை வெயிலில் விரித்தால் தெரியுமே, ஒரே நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை, கடைக்காரர் ‘அது அப்படித்தாம்மா வரும்’ என்பாரே, அந்தச் சங்கதி. அந்த மாற்றம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு தோய்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு முழம் துணியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தால், அப்போது தெரிவது அப்ராஷ் இல்லை, தையல்.

பத்து நிமிடம் வெளியே போய் வந்தவருக்குக் கேட்பதும் அந்தத் தையல்தான். அவர் மறக்கவில்லை, அவர் கேட்கவே இல்லை. உள்ளே இருந்தவருக்கு, கேட்ட ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரும் ‘இது முன்பு வந்ததா?’ என்றுதான் புருவத்தைச் சுருக்குவார்கள். ஒருவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் எங்கோ இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. ஆகவே ஃபெல்ட்மனுக்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்று மறுபடி வந்து சேர்கிறேன். முன்பு சொன்ன காரணத்துக்காக இல்லை.

ஆனால் இதே காரணம் திரும்பிப் போய்ச் சத்தியையும் தொடுகிறதே! மனப்பாடம் ஆகாத மெட்டு, ஐநூறு முறைக்குப் பிறகும் பிடிபடாத மெட்டு என்று சொன்னேன். அதுவும் கைநழுவல்தானே? ஷென்ஸர் கேட்ட எண்ணூறாவது சுற்றும், மறுநாள் முற்பகலில் வந்து இருபது நிமிடம் உட்கார்ந்து போனவர் கேட்ட எண்ணூறாவது சுற்றும் ஒன்றா? அந்த இருபது நிமிடத்தில் வேகம் மாறாமல் பதினைந்து சுற்று. பதினைந்துக்குள் இது பிடிபடவில்லை என்பதே தெரிய வராது. திறந்த கதவுக்கு எதிராக இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் பதினெட்டு மணி நேரம் யாரையும் அறைக்குள் வைத்துப் பூட்ட முடியாது, சட்டப்படியும் கூடாது. எந்தக் கச்சேரியாக இருந்தாலும் அவசர வழி திறக்கும்படிதான் இருந்தாக வேண்டும்.

இவற்றோடு இன்னொரு நீண்ட இசைக்காரரான ஸொராப்ஜியையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பார்ஸி அப்பாவுக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கும் இங்கிலாந்தில் பிறந்த கைக்கொஸ்ரு ஸொராப்ஜி, நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘ஓபஸ் கிளாவிசெம்பாலிஸ்டிகம்’ என்ற படைப்பை 1930 டிசம்பரில் கிளாஸ்கோவில் தானே வாசித்தார். 1936இல் லண்டனில் இன்னொருவர் அதன் முதல் பகுதியை வாசித்த விதத்தின் கசப்பில், தம் இசையை யாரும் பொது மேடையில் வாசிப்பதையே விரும்பாமல் 1976வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தார். கேட்பவருக்கு இல்லை, வாசிப்பவருக்கே சாத்திய கதவு. ஆனால் அது மூன்று பெரும் பகுதிகளாகப் பிரிந்த, உரத்த, அடர்ந்த இசை. நடுவில் மூச்சு விட இடம் இருக்கிறது. நம் கேள்வி அங்கே எழுவதில்லை.

நடைமுறைக்கு நான் வந்து நின்ற இடம் ஒரு நாற்காலி. அறுபது நாற்காலியில் கதவை ஒட்டிய நாலைந்தை, எழுந்து போக நேரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒதுக்கிவிடுவது. அதை நுழைவிலேயே, வெட்கப்பட ஒன்றுமில்லாத குரலில், சொல்லிவிடுவது. முதுகு வலிக்காரர், இருமல்காரர், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர், பிடிக்காமல் போகலாம் என்று சந்தேகிப்பவர் எல்லாரும் அங்கே. கீலுக்கு எண்ணெய். தாழ்ப்பாள் நாக்கின் மேல் ஒரு துண்டுத் துணி நாடாவை ஒட்டிவிட்டால் ‘க்ளிக்’ வராது. கதவுக்கு வெளியே கனத்த திரை ஒன்று. இல்லாவிட்டால் நடைவழி வெளிச்சம் கத்திபோல உள்ளே விழும், சத்தமில்லாமலே அறுபது தலையும் திரும்பும். கதவருகே ஒரு ஆள், கைப்பிடியில் கை வைத்து, எழுபவருக்காகத் திறந்து, மெதுவாகச் சாத்த. வெளியே போகலாம், முடியும்வரை திரும்ப வரக் கூடாது. திரும்பி வருவதில்தான் தையல் விழுகிறது, அதுவும் வந்தவருக்கு மட்டுமல்ல. சத்தியானால் திரும்பியும் வரலாம், ஆனால் சுற்றின் தொடக்கத்தில், தனி மெட்டு ஒலிக்கும்போது மட்டும். எண்பது விநாடி வெளியே காத்திருப்பது யாருக்கும் பெரிய கஷ்டமில்லை.

கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் கதவாளிடம் சொல்லி வைக்க வேண்டும். ஃபெல்ட்மனின் முடிவு முடிவுபோல இருக்காது. இன்னொரு முறை வரும் என்று காது காத்திருக்கும்போது வராமல் போகும், அவ்வளவுதான். வாசிப்பவரின் கால் இன்னும் பெடலில் பாதியில் இருக்கும். கீழ்க்கம்பிகள் அடங்கும்வரை அவர் எடுக்க மாட்டார். எடுக்கும்போது அடக்கிகள் எல்லாம் சேர்ந்து உட்காரும் ஒரு மெத்தென்ற சத்தம் வரும். அதற்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது. அதற்குப் பிறகு கைதட்டல், நாற்காலிகளின் முனகல், கோட்டுகள், ஒன்றரை மணி நேரமாக அடக்கி வைத்த இருமல்கள் எல்லாம் ஒரே நேரத்தில். பியானோவின் மூடியை இறக்குவார்கள். யாரோ ஒருவர் பாருக்குப் பின்னால் போய், ஃபிரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்து, ஸ்விட்சைப் போடுவார்.